பதினான்காவது சந்தேகம்

பத்தாவது வரை படித்த நான், டாக்டர் பட்டத்துக்குப் படித்த ஒருவரைப் பற்றி எழுத உட்கார்ந்தது அதிகப்பிரசங்கித்தனம் என்று எனக்கே தெரிகிறது. அவர் செய்த வேலையில் எனக்குப் புரிந்தது கொஞ்சம். தப்பாகப் புரிந்தது அதைவிடக் கூடுதலாக இருக்கலாம். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நேரில் யாரிடமும் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேச எனக்கு வராது. எழுதும்போது யாரும் எதிரில் நிற்பதில்லை, அதனால் எழுதுகிறேன். அவர் பெயரைப் போடவில்லை. போடலாமா என்று அவரைக் கேட்கவில்லை.

அப்போது பெங்களூரில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் கண்ணாடிச் சாமான் கழுவும் வேலை எனக்கு. கான்ட்ராக்ட் வேலைதான். ஜோகுபாளையத்திலிருந்து இரண்டு பஸ் மாறிப் போவேன். அவர் தர்மபுரிப் பக்கத்துப் பெண். என்னைவிட இருபது வயது சிறியவர். நான் மேடம் என்பேன், அவர் அக்கா என்பார்.

அவருடைய குணம் ஒன்றைச் சொன்னால் போதும், மற்றதெல்லாம் அதற்குள் வந்துவிடும். ஒரு சமயத்தில் ஒன்றைத்தான் மாற்றுவார்.

கேன்டீன் டீ பிடிக்கவில்லை என்றால் நாமெல்லாம் சர்க்கரை கம்மி, டிகாஷன் தூக்கலாக என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுவோம். அவர் ஒரு நாள் சர்க்கரையை மட்டும் குறைக்கச் சொல்வார். மறுநாள் சர்க்கரையைப் பழையபடி போடச் சொல்லி, பாலைக் குறைக்கச் சொல்வார். இந்த மேடம் டீ குடிக்க வருகிறாரா, பரீட்சை எழுத வருகிறாரா என்று கேன்டீன்காரர் என்னிடம் கன்னடத்தில் கேட்டார். நான் சிரித்து வைத்தேன்.

பெங்களூருக்கு வந்த நாளிலிருந்து அவருக்கு மூக்கடைப்பு. அதற்கும் இதே வைத்தியம்தான். ஒரு வாரம் தலையணையை மாற்றினார். அடுத்த வாரம் பழைய தலையணைக்கே திரும்பி, சோப்பை மாற்றினார். பிறகு தயிரை நிறுத்தினார். பிறகு தயிரைச் சேர்த்துக்கொண்டு கட்டிலை ஜன்னலிலிருந்து நகர்த்தினார். பதினோரு வாரம் போனது. கடைசியில், "ஊர்தான் அக்கா காரணம். அதை இப்ப மாத்த முடியாது" என்று சொல்லிவிட்டுக் கைக்குட்டையை மடித்து வைத்துக்கொண்டார். மூக்கு அடைத்தபடியே இருந்தது. இந்த மூக்கைப் பற்றி மறுபடியும் சொல்ல வேண்டி வரும்.

ஊரிலிருந்து அவர் அம்மா போன் செய்வார். ஒரு தடவை நான் பக்கத்தில் டிரேயை அடுக்கிக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளை விஷயம் போலிருந்தது.

"இப்பதாம்மா ரூம் மாத்தியிருக்கேன். கல்யாணமும் சேத்துப் பண்ணிட்டு, நாளைக்கு நிம்மதி போச்சுன்னா எதனால போச்சுன்னு எப்படிம்மா கண்டுபிடிக்கறது?"

அந்தப் பக்கம் வெகுநேரம் பேச்சு நடந்தது. இவர் அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று சொல்லி வைத்துவிட்டார். முகத்தில் சிரிப்பு இல்லை. இப்படி அவர் சொல்வதை வேடிக்கைக்குச் சொல்கிறாரா, நிஜமாகவே சொல்கிறாரா என்று எனக்குக் கடைசி வரை பிடிபடவில்லை.

அவர் ஆராய்ச்சி கடல் சிப்பியில். மங்களூர்ப் பக்கத்திலிருந்து சிப்பிகள் ஈரச் சாக்கில் சுற்றி பஸ்ஸில் வரும். விடிந்ததும் மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்டுக்குப் போய் வாங்கி வருவார். ஒவ்வொன்றாகத் திறந்து அதன் இதயத்தை எடுப்பார். சிப்பிக்கு இதயம் உண்டு என்பதே எனக்கு அங்கே போய்த்தான் தெரியும். அதைத் தனித்தனிச் செல்லாகப் பிரித்து, நான் கழுவிக் கொடுக்கும் பாட்டிலில் கலக்கிய ஒரு திரவத்தில் போட்டு, சின்ன வட்டத் தட்டில் வைத்து, உடம்புக்கு வெளியே உயிரோடு காப்பாற்ற வேண்டும். வேலை அவ்வளவுதான். எலியின் செல்லும் மனிதனின் செல்லும் தட்டில் வருஷக்கணக்காக வளர்கின்றனவாம். கடலில் வாழும் முதுகெலும்பில்லாத பிராணிகளின் செல்கள்தான் யாருக்கும் நிலைத்து நிற்கவில்லையாம். "ஒரு மாசம் நின்னா போதும் அக்கா, நான் எழுதிக் குடுத்துட்டுப் போயிடுவேன்" என்றார்.

ஒரு சாயங்காலம் என்னை மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொன்னார். முதலில் என் கண் இமைதான் தெரிந்தது. பிறகு ரவையைத் தூவியது போலத் தெரிந்தது. அதில் ஒரு ரவை மட்டும் துடித்தது. நின்றது. மறுபடி துடித்தது.

"அதுக்கு சிப்பி செத்துப்போனது இன்னும் தெரியாது அக்கா" என்றார்.

நான் பஸ்ஸில் வரும்போதெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். மறுநாள் காலையில் கேட்டேன். நின்றுவிட்டது என்றார். எப்போதும் அப்படித்தான். சாயங்காலம் துடிக்கும், காலையில் துடிக்காது. இப்படித் தட்டில் வைக்க ஆரம்பித்து எட்டு மாதம் ஆகியும் ஒரு தட்டுகூட மறுநாளைத் தாண்டவில்லை.

அவர் மேஜைக்கு மேலே சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தார். அதில் சந்தேகங்களை வரிசையாக எண் போட்டு எழுதியிருப்பார். உப்பு, தண்ணீர், பஸ் பயணம், ஏசி, ஃபிரிட்ஜ், கையுறைக்குள் இருக்கும் பவுடர், தன்னுடைய கை. ஒவ்வொன்றையும் ஒரு தடவை மாற்றிப் பார்த்து, அது குற்றவாளி இல்லை என்று தெரிந்ததும், ஸ்கேல் வைத்துப் பென்சிலால் அதன் மேல் ஒரு கோடு இழுப்பார். யார் மேலும் கோபம் இல்லை. ஏசி மேல்கூட இல்லை.

இனி என் விஷயத்துக்கு வர வேண்டும்.

சிப்பி நாறும். அவர் மேஜை, அவர் பாட்டில்கள், அவர் கோட்டு எல்லாமே நாறும். மூக்கு அடைத்திருந்ததால் அது அவருக்குத் தெரியாது. கூடப் படித்த பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரியும். அந்தப் பக்கம் போகும்போது கர்ச்சீப்பை மூக்கில் வைத்துக்கொள்வார்கள். மத்தியானம் மீன் வறுவல் உண்டா என்று ஒருவன் கேட்பான், இன்னொருவன் எலுமிச்சம்பழம் நான் கொண்டு வருகிறேன் என்பான். அவர் நோட்டில் எழுதிக்கொண்டே, இது வறுக்கிற ஜாதி இல்லை என்று பதில் சொல்வார். தன்னைக் கிண்டல் செய்கிறார்கள் என்பதே அவருக்குத் தெரியாது. கேட்டுக்கொண்டிருந்த எனக்குத்தான் முகம் சுருங்கிப்போகும்.

பாட்டில் கழுவ அங்கே ஒரு கணக்கு உண்டு. குழாய்த் தண்ணீரில் பத்து தடவை, வடித்த தண்ணீரில் மூன்று தடவை. அதை நான் ஒரு நாளும் மீறியதில்லை. வீட்டில் துணி துவைக்கும்போது கடைசி அலசலில் ஒரு மூடி வாசனைத் திரவம் ஊற்றுவேன். எங்கள் தெருவில் எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். துணி காய்ந்த பிறகும் மணமாக இருக்கும். அந்தத் திரவத்தைச் சின்ன பாட்டிலில் ஊற்றி எடுத்துப்போய், மேடத்தின் பாட்டில்களுக்கு மட்டும், பதின்மூன்றாவது தண்ணீரில் ஒரு மூடி சேர்த்தேன், அவர் தட்டு வைக்க ஆரம்பித்த நாள் முதல். பதின்மூன்று என்ற கணக்கு மாறவில்லையே என்று நினைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. சொல்லிக்கொள்கிற மாதிரி பெரிய உதவி இல்லை அது.

தம்பி மகளின் கல்யாணத்துக்காகக் கோலார் தங்கவயலுக்குப் போனேன். பத்து நாள் லீவு. எனக்குப் பதிலாக ஆஸ்டின் டவுனிலிருந்து ஒரு அம்மாவைக் கான்ட்ராக்டர் அனுப்பியிருந்தார். எந்த வேலையையும் ஜல்தி முடித்துவிட்டு நாலு மணி பஸ்ஸைப் பிடிக்கிற ஆள்.

திரும்பி வந்தபோது ஆய்வுக்கூடத்தில் மைசூர்பாகு கொடுத்துக்கொண்டிருந்தார்கள். மேடத்தின் செல்கள் எட்டு நாளாகத் துடிக்கின்றனவாம். பெரிய சார்தான் இனிப்பு வாங்கிவரச் சொன்னாராம். ஆய்வுக்கூடத்துக்கு அவர்தான் தலைவர், மைசூர்க்காரர். எங்களிடம் தமிழில் பேசுவார். எல்லோரும் மைக்ராஸ்கோப் முன்னால் வரிசையில் நின்றார்கள். மேடம் மட்டும் மைசூர்பாகைக் காகிதத்தில் மடித்து வைத்துவிட்டு, ஒவ்வொருவரிடமும் போய், போன வாரம் என்ன மாறியது என்று கேட்டுக்கொண்டிருந்தார். வாசல் செக்யூரிட்டியையும் கேட்டார். ஏசிக்காரரைப் போனில் கேட்டார். என்னையும் கேட்டார்.

"நான் ஊர்ல இல்லையே மேடம்" என்றேன்.

அவர் பேனாவைத் திறந்தார். மேஜைக்குப் போய்த் தாளில் ஒரு வரி சேர்த்தார். மத்தியானம் துடைக்கிற சாக்கில் போய்ப் படித்தேன். பதினான்கு. அக்கா லீவு.

நான் வந்து கழுவிய பாட்டில்கள் அவர் மேஜைக்குப் போன மறுநாளே எல்லாத் தட்டும் நின்றுவிட்டது. அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. ரெண்டு நாள் கழித்து அவர் கழுவும் இடத்துக்கு வந்து, கையைக் கட்டிக்கொண்டு, மிகவும் மரியாதையாகக் கேட்டார்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. மறுபடி ஒரு வாரம் லீவு போட முடியுமா?"

அப்போதுதான் அலமாரி மூலையில் இருந்த அந்தச் சின்ன பாட்டில் என் கண்ணில் பட்டது. அதை மறைத்த மாதிரி நகர்ந்து நின்றேன்.

லீவு கிடைக்காது என்றேன். அப்படியானால் வேறு விதமாகப் பார்க்கலாம் என்றார். ஆஸ்டின் டவுன் அம்மா ஆறு பாட்டில் கழுவ வேண்டும், நான் ஆறு கழுவ வேண்டும். பாட்டில் மேல் எண் மட்டும் இருக்கும். எந்த எண் யாருடையது என்று நான் ஒரு தாளில் எழுதிக் கவரில் ஒட்டித் தர வேண்டும். முடிவு தெரிகிற வரை அவர் பிரிக்க மாட்டார். தெரிந்து பார்த்தால் கண் ஏமாற்றிவிடும் என்றார்.

முந்தின வருஷம் ஃபிரிட்ஜ் கதவைச் சரியாகச் சாத்தாமல் போன ஒரு அட்டெண்டர் மறுநாள் வேலைக்கு வரவில்லை. வர வேண்டாம் என்று கான்ட்ராக்டர் சொல்லிவிட்டார். நான் செய்தது ஒரு நாள் கதவைத் திறந்து போட்டது போல இல்லை. எட்டு மாதம். ஐம்பதை நெருங்குகிற வயதில் எனக்கு வேறு இடம் கிடைக்காது. என் ஆறு பாட்டிலையும் அன்று வெறும் தண்ணீரில் அலசினேன்.

பன்னிரண்டு தட்டும் துடித்தன. அவர் கவரைப் பிரித்துப் பார்த்தார். ஸ்கேலை எடுத்துப் பதினான்கின் மேல் கோடு இழுத்தார். பிறகு என்னிடம் வந்தார்.

"சாரி அக்கா. உங்களைச் சந்தேகப்பட்டுட்டேன்."

பரவாயில்லை மேடம் என்றேன். அந்த வார்த்தையை நான் எப்படிச் சொன்னேனோ தெரியாது.

இதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். வாசனைத் திரவத்தை வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டேன். செல்கள் இருபது நாள் துடித்தன, முப்பது நாள் துடித்தன. ஒரு மாதம் போதும் என்று சொன்னவருக்கு நாற்பது நாள் கிடைத்துவிட்டது. எழுதிக் கொடுத்துவிட்டுப் போவார், என் தப்பும் அவரோடு போய்விடும்.

அவர் எழுதவில்லை. எதனால் செத்தது என்று தெரியாதவரை எதனால் பிழைத்தது என்று எழுத முடியாது என்றார். பெரிய சாருக்கு முதல் தடவையாகக் கோபம் வந்தது. மேடத்துக்கு அங்கே மூன்று மாதம்தான் பாக்கி இருந்தது. அதற்குள் கொடுக்காவிட்டால் ஐந்து வருஷ உழைப்பும் போய்விடும், வெறுங்கையோடு தர்மபுரிக்குப் போக வேண்டியதுதான். கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்ற எனக்கே கேட்டது. "பொழைச்சுக் கெடக்கறதைப் போட்டு ஏம்மா நோண்டறே?" என்றார் சார். இவர் சொன்ன பதில் கேட்கவில்லை. மெதுவாகத்தான் பேசினார்.

அதற்குப் பிறகு அவர் செய்ததைப் பார்த்துத்தான் பிள்ளைகள் கிண்டலை நிறுத்தினார்கள். கிண்டல் செய்யப் பயமாகிவிட்டது. செல்களைச் சாகடிக்க ஆரம்பித்தார். வாரத்துக்கு ஒன்றாகப் பழையதைத் திரும்பக் கொண்டு வந்தார். பழைய உப்பு, பழைய தண்ணீர், ஏசியின் பழைய அளவு. சாகவில்லை. தட்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு மெஜஸ்டிக் வரை பஸ்ஸில் போய்வந்தார். சாகவில்லை. தாளில் இருபத்தி ரெண்டு வரை எண் ஏறியது.

அந்தச் சமயத்தில் அவர் செருப்பு வார் அறுந்தது. அவர் தம்பி வாங்கி அனுப்பிய புதுச் செருப்பு அட்டைப்பெட்டியோடு மேஜைக்கடியில் இருந்தது. அவர் அறுந்ததை ஊக்கு குத்திப் போட்டுக்கொண்டு காலை இழுத்து இழுத்து நடந்தார். புதுசைப் போட்டுக்கொள்ளக் கூடாதா என்று கேட்டேன்.

"இது முடியட்டும் அக்கா. அதுவரைக்கும் வேற எதையும் மாத்தக் கூடாது."

அவர் காலை இழுக்கும் சத்தம் கழுவும் இடம் வரை கேட்கும். நாலு நாள் கேட்டேன். ஐந்தாம் நாள் வீட்டிலிருந்து அந்தச் சின்ன பாட்டிலைப் பையில் போட்டு எடுத்துப் போனேன்.

காலை எட்டரை மணிக்கு வேறு யாரும் வந்திருக்கவில்லை. பாட்டிலை அவர் மேஜை மேல் வைத்தேன்.

"இதை உங்க பாட்டில்ல ஊத்திட்டிருந்தேன் மேடம். கடைசித் தண்ணில."

அவர் எடுத்துப் பார்த்தார். மூக்கருகில் கொண்டுபோனார், ஒன்றும் தெரிந்திருக்காது. நோட்டைத் திறந்தார்.

"எவ்வளவு?"

"ஒரு மூடி."

"இந்த மூடியா, பெரிய பாட்டில் மூடியா?"

"இந்த மூடிதான்."

"எத்தனை லிட்டர் தண்ணிக்கு?"

சொன்னேன். எழுதிக்கொண்டார். எப்போது ஆரம்பித்தேன் என்றார், சொன்னேன். எப்போது நிறுத்தினேன் என்று கேட்டார்.

"கவர் ஒட்டிக் குடுத்தேனே, அன்னிக்கு."

பேனா நின்றது. திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் ஜன்னலைப் பார்த்தார், பிறகு கேட்டார்.

"ஏன் அக்கா ஊத்துனீங்க?"

"மீன் நாத்தம்னு பசங்க பேசிக்கிட்டாங்க மேடம். எனக்குக் கேக்க நல்லா இல்ல."

"நாறுதா?"

கோட்டுக் கையை முகர்ந்து பார்த்தார். இன்னொரு கையையும் பார்த்தார். "அஞ்சு வருஷமா யாரும் எங்கிட்ட சொல்லலையே" என்றார். அன்று ஒரு நாள்தான் அவர் முகம் மாறி நான் பார்த்தது. அதுவும் கொஞ்ச நேரம்தான். பிறகு, இதை எழுத வேண்டியிருக்கும், பெரிய சார் படிப்பார் என்றார். தலையை ஆட்டினேன். அதற்கு முன்னால் சரிதானா என்று பார்க்க வேண்டும் என்றார்.

மறுபடி பன்னிரண்டு பாட்டில், எண், கவர். எல்லாவற்றையும் இந்தத் தடவை நானே கழுவினேன். ஆறில் ஒரு மூடி சேர்த்தேன், ஆறில் சேர்க்கவில்லை. கவரைத் தன்னிடம் கொடுக்க வேண்டாம், பெரிய சாரிடம் கொடுங்கள் என்று அனுப்பினார். நான் அந்த அறைக்குள் துடைக்கப் போனதுண்டே தவிரப் பேசப் போனதில்லை. கவரை நீட்டினேன். என்ன இது என்றார் சார். சொல்லி முடிக்க எனக்கு ரொம்ப நேரம் ஆனது. அவர் கவரை மேஜை இழுப்பறையில் போட்டுப் பூட்டினார். நாளைக் காலையில் நீயும் வந்து நில் என்றார்.

மூன்று மாதத்துக்கு மேல் துடித்துக்கொண்டிருந்த தட்டுகளில், மேடம் அந்தப் பன்னிரண்டு பாட்டிலில் கலக்கிய திரவத்தை மாற்றினார். எது எது என்று எனக்குத் தெரியும். நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

காலையில் அவர் ஒவ்வொரு தட்டாகப் பார்த்து எண்ணைச் சொல்லிக்கொண்டு வந்தார். ஒண்ணு, துடிக்குது. ரெண்டு, நின்னுடுச்சு. மூணு, துடிக்குது. நாலு, துடிக்குது. ஆறு நின்றிருந்தன. பெரிய சார் கவரைப் பிரித்துத் தாளைப் பார்த்தார். ஆறு எண்ணும் சரியாக இருந்தன. தாளை மடித்துக்கொண்டே, கான்ட்ராக்டரிடம் சொல்லி நாளையிலிருந்து வேறு ஆளை அனுப்பச் சொல்கிறேன் என்றார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை.

மேடம் மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இப்போதைக்கு வாசனை மட்டும்தான் சார் மாறியிருக்கு. கழுவற ஆளையும் மாத்தினா ரெண்டு மாறிடும். நான் மறுபடி முதல்லேர்ந்து பண்ணணும்."

சார் தாளைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். சரி, நீ முடிக்கிற வரைக்கும் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் போன பிறகு மேடம் பதினான்கின் மேலிருந்த பென்சில் கோட்டை ரப்பரால் அழித்தார். நின்றுபோன ஆறு தட்டையும் என்னிடம் கொடுத்து, "தேங்க்ஸ் அக்கா" என்றார். கழுவ எடுத்துக்கொண்டு போனேன்.

மறுநாள் அவர் புதுச் செருப்பு போட்டுக்கொண்டு வந்தார். கடிக்கிறது என்றார்.